யார் வீட்டுக் கிட்டார்?

புதுசு வேண்டாம், பழசுதான் வேண்டும் என்று கேட்ட ஆளைக் கண்ணுசாமி தன் ஆயுசில் அன்றுதான் பார்த்தார். அதுவும் சொந்த மாப்பிள்ளை.

குஜிலியம்பாறைப் பக்கம் கண்ணுசாமி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாட்டுத் தரகர். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாரென்றால் மாட்டின் வயசோடு மாட்டுக்காரனின் யோக்கியதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார் என்பார்கள். கொம்பைச் சீவி எண்ணெய் தடவிக் கிழடைக் குமரியாக்குகிறவன், மடி பெருத்துத் தெரியட்டும் என்று கறக்காமல் ஓட்டி வருகிறவன் என்று எல்லாரையும் பார்த்துத் தேறிய கண். அந்தக் கண்ணுக்கு எதுவும் நேராகத் தெரியாது. வெல்லம் வாங்கினால் மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியில் கிடப்பதை உடைத்துத் தின்று பார்ப்பார். பஸ்ஸில் கண்டக்டர் சிரித்துவிட்டால் டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்.

போன மாசம் அவருக்குப் பேத்தி பிறந்தாள். நர்ஸம்மா துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் மனுசன் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு உச்சந்தலையில் சுழியைத் தேடினார்.

"எப்பா, அது மாடில்லப்பா!" என்று கட்டிலில் கிடந்த மகள் தமிழ்மதி கத்தினாள்.

கண்ணுசாமிக்கு அது காதில் விழவில்லை. எந்த உருப்படியைக் காட்டினாலும் நொட்டை சொல்லும் வாய் அன்றைக்குத் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. சொல்ல ஒரு நொட்டையும் கிடைக்கவில்லை.

பிள்ளையோடு மகளைப் புருசன் வீட்டுக்கு அனுப்பும்போது மாப்பிள்ளைக்கும் ஏதாவது செய்து அனுப்புவது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை ஈஸ்வர் சின்னாளபட்டிக்காரன். நூல் மில்லில் பிட்டர் வேலை. திருவிழாக் காலத்தில் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பான்.

"மோதிரம் போடவா மாப்ள, இல்ல கைச்செயினா?" என்று கண்ணுசாமி கேட்டார்.

"கிட்டாரு ஒண்ணு எடுத்துக் குடுங்க மாமா. புதுசு வேணாம், நல்ல பழசாப் பாத்து."

"பழசா?"

"பழசுலதான் மாமா சத்தம் இருக்கு. மரம் காயக் காயத்தான் பேசும்."

மரம் பேசுமாம். கண்ணுசாமிக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பழசை விரும்பிக் கேட்கிறவன் வயிற்றில் ஏதோ இருக்கிறது. வியாழக்கிழமை பிள்ளையை அனுப்பியாக வேண்டும். கிட்டார் எக்கேடும் கெடட்டும். பூப்போலப் பச்சைப் பிள்ளையை எப்படிப்பட்ட ஆள் கையில் கொடுத்தனுப்புகிறோம்? அதற்குள் அது தெரிந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை இருவரும் கிளம்பினார்கள். முதலில் கொடைரோடு. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மலையிலிருந்து இறங்கும் பழைய சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஒரு சிவப்புக் கிட்டாரை எடுத்து நீட்டினார். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது அழுதுகொண்டே விட்டுவிட்டுப் போனதாம்.

கண்ணுசாமி குனிந்து மோந்து பார்த்தார். "அழுது எம்புட்டு நாளாச்சு? பெயிண்டு இன்னும் காயலயே."

ஈஸ்வரும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "உள்ள வெடிப்ப அடைச்சிருக்காக மாமா. வாங்க போவோம்."

இவ்வளவு சுளுவாக வெளியே வந்துவிட்டானே என்று கண்ணுசாமி அதையும் சந்தேகப்பட்டார். சந்தையில் முதல் மாட்டைச் சட்டென்று கழிக்கிறவன், எந்த மாட்டை வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டு வந்தவன்.

அங்கிருந்து திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்துப் பேகம்பூருக்கு வந்தார்கள். தஹ்சீன் பாய் கடை, ஒரு சந்துக்குள் இருந்தது. ஆர்மோனியம் ரிப்பேர், பழைய தபேலா, சுவர் நிறையக் கிட்டார். பாய்க்கு ஐம்பது வயசிருக்கும். ஈஸ்வரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற கண்ணுசாமியைப் பார்த்ததும் சட்டென்று சுருங்கியது. மலர்ந்ததையும் கண்ணுசாமி பார்த்தார், சுருங்கியதையும் பார்த்தார்.

பாய் சுவரில் தொங்கியதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். தேன் நிறம். மேலெல்லாம் மயிரிழை போல வெடிப்பு. விரல் வைக்கும் இடத்தில் மரம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

"கல்கத்தாவுல செஞ்சதுண்ணே. என் வயசுல முக்காவாசி இருக்கும் இதுக்கு" என்றார்.

கண்ணுசாமி செல்போன் லைட்டை அடித்து நடு ஓட்டைக்குள் பார்த்தார். வயிற்றைத் தட்டினார். முதுகைத் தடவினார். விலாவில் மரத்தின் ரேகை ஒரு இடத்தில் சுருண்டு நின்றது.

"பாய், இந்த இடத்துல சுழி இருக்கே?"

"மரத்துக்குச் சுழி பாக்கிறதில்லண்ணே."

"மரமோ மாடோ, பச்சப் பிள்ள இருக்க வீட்டுக்கு வரப்போகுதுல்ல. ஆமா, தோள்ல மாட்டுற பெல்ட்ட எங்க?"

"வித்தவரு பெல்ட்ட மட்டும் குடுக்க மாட்டேன்னுட்டாரு."

கண்ணுசாமி காது நிமிர்ந்தது. மாட்டை விற்கிறவன் கயிற்றைக் கொடுக்க மாட்டான். உருவி வைத்துக்கொள்வான். கயிறு போனால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடும் என்பது சந்தைச் சட்டம். இதை விற்றவன் விவரம் தெரிந்த பயல்.

அப்போதுதான் அந்தப் பேச்சு நடந்தது. பாய் கிட்டாரை ஈஸ்வரிடம் கொடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "ஆக்சன எறக்கிட்டேன் தம்பி" என்றார்.

"நெசமாவா? ரொம்ப ஏறி இருந்துச்சே."

"இனிமே அம்புட்டு ஆக்சன் தேவையில்லல்ல. அதான் எறக்கிட்டேன்."

கண்ணுசாமிக்குச் சுருக்கென்றது. யாருக்கு முன்னாடி ஆக்சன் போட்டார்கள் இவர்கள்? இப்போது எதற்கு இறக்குகிறார்கள்? வாங்குகிறவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அவனுக்குப் புரியாத தரகு பாஷையில் பேசி அவன் தலையில் மாட்டைக் கட்டும் வித்தையை இவரே எத்தனை தரம் செய்திருக்கிறார்! இன்றைக்கு வாங்குகிறவன் இடத்தில் இவர் நிற்கிறார்.

ஈஸ்வர் முக்காலியில் உட்கார்ந்தான். கம்பியை முறுக்கப் போனவன், நாலாவது முறுக்காணியை மட்டும் லேசாக வெளியே இழுத்து, பிறகு திருகினான். அதைப் பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போயிற்று. முரட்டு மாட்டின் கழுத்தில் எங்கே சொறிந்தால் நிற்கும் என்று அதை வளர்த்தவனுக்குத்தான் தெரியும்.

இது இவன் மாடு.

கண்ணுசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் மாட்டைக் கூட்டாளி கையில் கொடுத்து நிறுத்திவிட்டு, வாங்க வந்தவன் போல வந்து, அதை மாமனார் தலையில் கட்டுகிறானா? காசை ரெண்டு பேரும் பங்கு போடுவார்களா? இந்தக் கையிலா தன் பேத்தி?

"மாப்ள, தொண்ட வறண்டு போச்சு. மூணு டீ வாங்கியாங்களேன். சூடா" என்றார்.

ஈஸ்வர் தலை மறைந்ததும் பாயின் பக்கம் திரும்பினார். "பாய், நான் முப்பது வருசமா மாடு தள்ளுறவன். இது யார் வீட்டு மாடு? ஏன் வித்தான்?"

தஹ்சீன் பாய் வாசலைப் பார்த்தார். ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஆர்மோனியத்தைத் துடைத்தார். "அத மட்டும் கேக்காதீங்கண்ணே. வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப நான் சொல்றேன். இப்ப டீ வாங்கப் போனாரே, அவரு வீட்டு மாடு."

பாய் துடைப்பதை நிறுத்தினார்.

டீயோடு வந்த ஈஸ்வரை உட்காரக்கூட விடவில்லை. "என்ன மாப்ள, உங்க கிட்டார உங்களுக்கே வாங்கிக் குடுக்கவா என்னைக் கொடைரோட்டுக்கும் பேகம்பூருக்கும் இழுத்தடிச்சீக?"

ஈஸ்வர் மூன்று கப்புகளையும் பெஞ்சில் வைத்தான். "ஆமா மாமா. என்னுதுதான். போன வருசம் வித்துட்டேன்."

"வித்த காசு?"

"உங்ககிட்டதான குடுத்தேன்."

"எங்கிட்டயா?"

"செவலப் பசு மாமா."

கண்ணுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் மாசமாக இருந்தபோது, பாக்கெட் பால் குடித்தால் பிள்ளைக்கு எலும்பு பலம் இருக்காது, ஒரு பசு வாங்கிக் கட்டுங்கள் என்று மாப்பிள்ளையைக் குடைந்தது அவர்தான். செவலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"தரகு கூட எடுத்துக்கிட்டீகளே மாமா."

"எடுக்காட்டி மாடு தங்காது மாப்ள. பெத்த மகனா இருந்தாலும் எடுக்கணும்" என்றார் கண்ணுசாமி. ஆனால் சுருதி இறங்கிவிட்டது. இருந்தாலும் தரகர் தரகர்தான். கேட்டதை நம்பி எழுந்துவிடுவாரா? அங்கேயே மகளுக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏத்தா, செவலய வாங்க உம் புருசனுக்கு ஏது காசு?"

"அய்யய்யோ, சொல்லிட்டாகளா?" என்றாள் தமிழ்மதி. "கிட்டார வித்துட்டாகப்பா. உங்ககிட்டச் சொன்னா நீங்க பசுவச் சும்மா குடுத்துருவீகன்னு..."

"நானா? சும்மாவா?"

பாய் டீயைத் துப்பிவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ள முழிச்சிருக்காளா? போன அவ காதுல வையி" என்றார் கண்ணுசாமி. அந்தப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்தது. அதற்கு அவர் ஏதேதோ பதில் சொன்னார். எழுத்தில் வராத பதில். போனை வைத்தபோது முகம் தெளிந்திருந்தது. ஆனால் முழுக்க அல்ல.

"சரி. அந்த ஆக்சன்? எறக்கிட்டேன்னீகளே, அது என்ன பாஷை?"

தஹ்சீன் பாய் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த சந்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த உயரத்துக்குப் பேருதாண்ணே ஆக்சன். இதக் கேட்டு மூணு பேரு வந்தாக. தம்பி என்னைக்காவது திரும்ப வருவாருன்னு கம்பிய உசத்தி வச்சிட்டேன். வாசிச்சுப் பாத்தா விரல் எரியும். சரியில்லன்னு போயிருவாக. நேத்து தம்பி போன் பண்ணவும் எறக்குனேன்."

கண்ணுசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாக மரியாதை இருந்தது. மாட்டை விற்காமல் காப்பாற்ற அதை நொண்டியாகக் காட்டிய ஆளை அவர் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

"அந்த பெல்ட்டு?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"வீட்ல ஆணியில தொங்குது மாமா. பசுவப் பிடிச்சிட்டு வந்தப்ப நீங்கதான சொன்னீக, விக்கிறவன் கயித்தக் குடுக்க மாட்டான்னு. சரி, நாமளும் குடுக்க வேணாம்னு வச்சுக்கிட்டேன்."

"அதான் மாடு திரும்ப வந்திருச்சு!" கண்ணுசாமி தொடையைத் தட்டினார்.

சந்தையில் விலை பேசுகிற மாதிரி, தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு நீட்டினார். ஈஸ்வர் விழித்தான். பாய் தயங்கவில்லை. துண்டுக்குள் கையை விட்டார். "எங்க அத்தா தோல் மண்டியில இருந்தவருண்ணே" என்றார். இருவர் விரல்களும் துண்டுக்கடியில் செத்த நேரம் மல்லுக்கட்டின. என்ன விலை பேசினார்கள் என்பது அந்தத் துண்டுக்குத்தான் தெரியும்.

"இன்னொண்ணு பாய். பழைய கயித்தோட மாட்டப் பிடிச்சிட்டுப் போக மாட்டேன். பேத்தி வீட்டுக்குப் போற சீரு. கம்பி பூராம் புதுசாப் போடுங்க. பழச நீங்களே வச்சுக்கங்க."

பாய் பழைய கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி மேசைக்குள் போட்டார். புதுக் கம்பி ஏறியதும் ஈஸ்வர் ஒரு தரம் மீட்டினான். மரம் பேசியதா என்று கண்ணுசாமிக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கிட்டாரை அவர்தான் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்தார். ஈஸ்வர் வாங்கக் கை நீட்டினான்.

"வியாழக்கெழம வரைக்கும் இது என் தொழுவத்துலதான் நிக்கும்" என்றார் கண்ணுசாமி. "சும்மா ஆக்சன் போடாம வாங்க மாப்ள."