கைதட்டினால் ஆவி

துகள் சார் என்றால்தான் அந்த மழலையர் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். நெடுநெடுவென்று உயரம், முகம் நிறைய மீசை, குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. அதுவும் இயற்பியலில் முதுகலை. அப்பேர்ப்பட்ட ஆள் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து மூக்குத் துடைத்துவிடுவதை அவருடைய அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பிடித்துக்கொண்டார்.

“வீட்ல யாரும் படிக்காத படிப்பெல்லாம் படிச்சிட்டு, கடைசில சளி தொடைக்கத்தான் போனியாடா?”

“சளியும் மூலக்கூறுதான்க்கா.”

“சீ! சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?”

மூலக்கூறு என்றால் என்ன என்று துகள் சாருக்கே கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது. ‘அட, இவ்வளவுதானா!’ என்று அன்று வாய்விட்டுச் சொன்னார். அந்த ‘அட’வை இந்தப் பிள்ளைகள் பால்பல் விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

முதலில் கரும்பலகையில் புள்ளி புள்ளியாக வைத்து, “இதுதான் தண்ணி” என்றார்.

“இல்ல சார், எறும்பு” என்றது வகுப்பு. ஒரு பிள்ளை காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டது.

அன்றோடு பலகையை விட்டார். பிள்ளைகளையே மூலக்கூறுகள் ஆக்கிவிட்டார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெரிய பாத்திரம் வரைந்தார். அதற்குள் கைகோத்து நெருக்கி நின்று, நின்ற இடத்திலேயே நடுங்கினால் பனிக்கட்டி. சார் கைதட்டினால் சூடு ஏறும். கையை விட்டு ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு வழுக்கினால் தண்ணீர். இன்னும் தட்டினால் ஆவி. பாத்திரத்தைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். அரவமே இல்லையென்றால் குளிர். எல்லாம் திரும்பி வந்து சேர்ந்துவிட வேண்டும். சொல்லால் கட்டளை கிடையாது. கைதட்டலும் அமைதியும் மட்டும்தான்.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. பிடிக்காதவர் ஒருவர் இருந்தார். சலவைக்கடைக்காரர். குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிக்குச்சிப் பெண்ணின் அப்பா. அவர் தலைமை ஆசிரியையான பெரிய மிஸ்ஸிடம் வந்து பொரிந்து தள்ளினார்.

“வீட்ல சும்மா இரும்மான்னா, ‘நான் சும்மாதான் இருக்கேன், உள்ள மூலக்கூறுதான் ஆடுது’ங்குது. ‘அ’ எழுத வரல, அதுக்குள்ள இதெல்லாம் எதுக்கு?”

பெரிய மிஸ், துகள் சாரைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை பெத்தவங்க எல்லாரும் வராங்க. அவங்க முன்னாடி நடத்திக் காட்டுங்க. பிடிச்சா தொடரலாம். இல்லன்னா இதுக்குக் குடுத்திருக்கற அரை மணி நேரம் எழுத்துப் பயிற்சிக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து முகத்தைத் தொங்கப் போடக் கூடாது.”

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் பாத்திரத்துக்குள் நெருக்கி நின்று, பல் கிடுகிடுக்க நடுங்கினார்கள். அப்படியொரு பனிக்கட்டியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெற்றோருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கூடமே கைதட்டியது.

துகள் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் யோசித்தவர், பார்க்க வருகிறவர்கள் கைதட்டுவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பனிக்கட்டி உருகியது. வழுக்கி வழுக்கி ஓடிய தண்ணீரைப் பார்த்துப் பெற்றோர் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவ்வளவுதான், நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆயிற்று. ஒன்று மேசைக்கடியில், ஒன்று திரைச்சீலைக்குள், இரண்டு யாரோ ஒரு மாமாவின் தோளில். அம்மாக்கள் பெயர் சொல்லிக் கூவினார்கள். ஆவிக்கு ஏது காது?

“இதுக்குப் பேரு பாடமா?” என்று சலவைக்கடைக்காரர் எழுந்துவிட்டார். பெரிய மிஸ்ஸின் முகம் கடுகடுத்தது.

துகள் சார் நாற்காலி மேல் ஏறினார். விரலை உதட்டில் வைத்தார். மற்றொரு கையால் தன்னையே கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். பெற்றோருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலேயே வாயை மூடினார்கள். கூடம் அடங்கியது.

திரைச்சீலை அசைந்தது. ஒரு சொட்டு வந்தது. மேசைக்கடியிலிருந்து இன்னொரு சொட்டு. மாமாவின் தோளிலிருந்து இரண்டு இறங்கின. யாரும் அதட்டவில்லை, யாரும் இழுக்கவில்லை. பாத்திரம் தானாக நிறைந்து, கைகள் கோத்து, நடுங்கத் தொடங்கியது.

குண்டூசியை மட்டும் காணவில்லை.

சலவைக்கடைக்காரருக்கு உயிர் உயிராக இல்லை. அவர் ஒரு பக்கம் ஓட, துகள் சார் ஒரு பக்கம் ஓட, கடைசியில் பெரிய மிஸ்ஸின் ஏசி அறையில் கண்டுபிடித்தார்கள். கன்னம், வயிறு, உள்ளங்கை எல்லாம் கண்ணாடிச் சன்னலோடு ஒட்டியபடி நின்றாள்.

“என்னம்மா பண்றே இங்க?” என்று அப்பா கையை நீட்டினார்.

“தொடாதீங்கப்பா! கண்ணாடி ஜில்லுனு இருக்கு, இப்பதான் தண்ணியானேன். நீங்க சூடு. தொட்டா மறுபடி ஆவியாயிடுவேன்.”

நீட்டிய கையை அவர் மெல்ல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு துகள் சாரைப் பார்த்தார்.

“குளிர்ந்த கண்ணாடியில ஒட்டணும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?”

“இல்லீங்க,” என்றார் துகள் சார். “அதுவா யோசிச்சிருக்கு.”

குண்டூசி தானாகவே வழிந்து, நடந்து, பாத்திரத்துக்குள் போய் நின்றாள். அப்பா பின்னாலேயே வந்தார்.

“அந்த அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும் மிஸ். ‘அ’வை வீட்ல நான் பாத்துக்கறேன்.”

பெரிய மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாத் தலையும் ஆடியது. “சரி, தொடரட்டும். ஆனா முதல்ல வாசக் கதவைத் தாழ்ப்பாள் போடுங்க.”

சலவைக்கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் அகல விரித்து ஓங்கினார். பாத்திரத்துக்குள் எல்லாக் கண்களும் அந்தக் கைகளையே ஆவலாகப் பார்த்தன.

“ஐயோ, வேணாங்க!” என்று பாய்ந்து பிடித்தது துகள் சார் இல்லை, பெரிய மிஸ்.