புளியங்கொட்டையில் அடுக்கிய 'ல்'

புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்துக் கன்னத்தில் வைத்தால் சுரீரென்று சுடும். என் தங்கை வசந்தா முகத்தைச் சுளிப்பாளே தவிர அழமாட்டாள். அவளுடைய டீச்சர் அந்தக் கொட்டைகளை என்னிடம் கொடுத்தது அதற்காக அல்ல.

பண்டசோழநல்லூரில் அவள் ஒன்றாம் வகுப்பும் நான் ஆறாம் வகுப்பும் படித்த வருடம், அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, மணலில் கொட்டைகளால் ஒரு 'ல்' அடுக்கி, அதைக் கலைக்காமல் முன்னெழுத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கல், பல், நெல், வில் என்று விரல் வைத்து ஒலிக்கச் செய்வது எப்படி என்று காட்டினார். "தெனம் அரை மணி நேரம் ஒக்கார வையிடா, புடிச்சிக்குவா" என்றார்.

அந்த அரை மணியில்தான் ஏரிக்கரையில் பந்து விளையாட்டு. எங்கள் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கரும்புக் கொல்லையிலிருந்து வந்து, கால் கழுவி, அவள் வாசிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், தடங்கலில்லாமல் வந்தால் பிள்ளை படிக்கிறது என்று அவருக்கு அர்த்தம். அதனால் நான் பாடம் முழுவதையும் ராகம் போட்டு அவளுக்கு உருவேற்றிவிட்டுப் பந்தாட ஓடினேன். சில நாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே 'வாசிப்பாள்'. "எங்க வூட்ல ரெண்டு வாத்தியாருபா" என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வருடக் கடைசியில் டீச்சர் பலகையில் 'நெல்' என்று எழுதி வாசிக்கச் சொன்னபோது, வசந்தா கல், பல் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். வகுப்பே சிரித்ததாம்.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார்: "இன்னாடி, அண்ணன் சொல்லிக் குடுத்தானா இல்லியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"குடுத்துச்சிபா. எனக்குதான் ஏறல."

நான் வாயைத் திறந்திருந்தால் டீச்சர் மறுபடி மணலைப் பரப்பியிருப்பார். திறக்கவில்லை. 'படிப்பு ஏறாத பொண்ணு' என்ற பெயர் ஒட்டிக்கொள்ள, மறு வருடமும் அதே வகுப்பில் உட்கார்ந்தவள், அதன்பின் அம்மாவோடு களை எடுக்கப் போய்விட்டாள். நான் கல்லூரிவரை படித்து, கோப்புகளில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றேன்.

இப்போது அவள் ஒதியம்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். எந்த பஸ் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவாள். போன மாதம் போயிருந்தபோது, பேத்தி எழுத்தெழுத்தாக ஒலித்து வாசித்துக்கொண்டிருக்க, வசந்தா அந்தப் பழைய பாடத்தை ஒரு சொல் பிசகாமல் அதே ராகத்தில் ஒப்பித்துவிட்டு, "எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது, இன்னும் மறக்கல பாரு" என்றாள் பெருமையாக.

"ஆயா, புக்க பாத்து சொல்லு" என்றது குழந்தை.

வசந்தா சிரித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தப் பள்ளியில் இப்போது மணல் இல்லை, டைல்ஸ் போட்டுவிட்டார்கள். டீச்சர் இல்லை, கடைசிவரை மகளுக்குத்தான் படிப்பு வரவில்லை என்று நம்பிய அப்பாவும் இல்லை. அறுபது வருடமாகச் சொல்லாததை இப்போது எழுதிவிட்டேன். இந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்து போய்விட முடியாது. எதிரில் உட்கார்ந்து நானேதான் வாசித்துக் காட்ட வேண்டும்.