அஞ்சலை பெயர் ஒட்டியிருந்த வண்டி

வெயிலில் நின்று சூடேறிய பெட்ரோல் டேங்கின் மேல் தேங்காய் எண்ணெயை விட்டுத் தேய்த்தால், எண்ணெயும் பெட்ரோலும் பழைய பசையும் கலந்து ஒரு வாசனை வரும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலும் என் நகக்கண்களிலும் அந்த வாசனைதான் இருந்தது. சோறு பிசையும்போதுகூட அது வரும்.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தார். பல வருடம் 'கான்ட்ராக்ட்' ஆக இருந்து 'பர்மனென்ட்' ஆனதும், ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்தது போதும் என்று பண்ருட்டியில் ஒரு புரோக்கர் மூலம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். சிவப்பு வண்டி. டேங்கின் மேல் மஞ்சள் ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 'அஞ்சலை' என்று ஒட்டியிருந்தது. வண்டியை விற்றவரை அப்பா பார்க்கவில்லை. அவருடைய மகளின் பெயராக இருக்கும் என்று சொன்ன அம்மா, "அதை எடுத்துட்டு நம்ம ரேவதி பேரை ஒட்டிடுங்க," என்றாள். ரேவதி நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை என்று நினைத்தோம். அப்பா வெந்நீரில் நனைத்த துணியை எழுத்துகள் மேல் போட்டு, ஊறிய பிறகு ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். மஞ்சள் தாள் வந்துவிட்டது. அடியில் இருந்த பசை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பசையைக் கரைக்கத் தின்னர் போடச் சொன்னார். "பெயிண்ட் செத்துப்போயிடும். எண்ணெய் போட்டு ஊறவெச்சுப் பொறுமையா தேய்ச்சா தானா வரும்," என்று அப்பா மறுத்துவிட்டார். ஆனால் பொறுமையாகத் தேய்ப்பதற்கு ஷிப்ட் அவரை விடவில்லை. அந்தப் பசையில், எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் அலைகிற கரித்தூசு வந்து ஒட்டிக்கொள்ள, ஒரே வாரத்தில் மஞ்சள் அஞ்சலை கறுப்பு அஞ்சலையாகி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தாள். பிளாக்கில் இருந்த பிள்ளைகள் என்னையே 'அஞ்சலை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. என் வயதில், ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு, என் இடத்தில் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணாகவே அவளை நினைத்துக்கொண்டு, வண்டி வீட்டில் நின்ற நேரமெல்லாம் பழைய பனியன் துணியால் தேய்த்தேன். விடுமுறை முடிவதற்குள் என்னால் 'லை'யை மட்டும்தான் எடுக்க முடிந்தது. மீதி 'அஞ்ச' என்று நின்றது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் நோட்டு வாங்க அப்பா என்னை மெயின் பஜாருக்குக் கூட்டிப்போனார். கடையில் கூட்டம். நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். துணிக்கடையில் வேலை செய்பவர்கள் கட்டும் ஒரே மாதிரிப் புடவை. நாங்கள் அருகில் வந்தும் எங்களைத் தாண்டிக் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சாவியை எடுத்த பிறகுதான் திரும்பினாள்.

"இந்த வண்டியில வந்தவரு எங்கண்ணே?"

"நான்தாம்மா வந்தேன்."

"இல்லண்ணே. இது எங்க அப்பா வண்டி. நம்பரு அதான். அவரு வருவாருன்னு அப்பலேர்ந்து நின்னுகினு இருக்கேன்."

முத்தாண்டிக்குப்பம் அவள் ஊர். அவளுடைய அப்பா எட்டு மாதத்துக்கு முன்பு, பண்ருட்டி வரை போய்வருவதாகச் சொல்லி இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பவில்லை. "சண்டை கிண்டை எதும் இல்லண்ணே. கடன் இல்ல. வூட்ல சாப்ட்டுட்டுதான் போனாரு," என்றாள். பண்ருட்டியில் ஒரு புரோக்கரிடம் வாங்கிய வண்டி என்று அப்பா சொன்னார். எனக்கு வேறொரு குழப்பம்: கையில் வாட்ச் கட்டிய இவ்வளவு பெரிய அக்காதான் அஞ்சலையா? அப்படியானால் இத்தனை நாள் நான் யாரோடு சண்டை போட்டேன்? எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விரல்களை நோட்டுக் கட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா அவளைப் பண்ருட்டி புரோக்கரிடம் அழைத்துப் போனார். முன்பின் தெரியாத பெண் என்பதால் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன். வழி நெடுக அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். புரோக்கருக்கு அந்த ஆளை நினைவிருந்தது. எங்கே போவதாகவும் சொல்லவில்லை என்றார். பிறகு டேங்கைப் பார்த்துவிட்டு, "வாங்கறவங்க பேரை எடுத்துடுவாங்களான்னு ரெண்டு தடவ கேட்டாரும்மா. யாரு எடுக்கப் போறான்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்து போனாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்," என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது அவளை வீட்டிலேயே இறக்கிவிட்டோம். அவளுடைய அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வண்டியின் அருகில் மட்டும் வரவில்லை. சுவரில் அஞ்சலையின் அப்பா அம்மா கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. அந்த வீட்டில் அவருடைய படம் அது ஒன்றுதான்.

"'லை'ய மட்டும் காணமே?" என்று அஞ்சலை கேட்டாள்.

"நான்தான் தேய்ச்சேன்," என்றேன். அடி விழும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அப்பா பதறிப்போய், "வேணாம்மா, இருக்கட்டும். இனிமே நாங்க கை வெக்க மாட்டோம்," என்றார்.

"இல்லண்ணே. இது இருந்தா இன்னொரு நாளு இத்த பாத்துட்டு எங்கியாச்சும் நின்னுகினு இருப்பேன்."

எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். நான் ஒரு மாதமாகப் போராடிய பசை அவள் விரலுக்குக் கறுப்புத் திரிகளாகத் திரண்டு வந்தது. கடைசியில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தபோது, டேங்கில் 'அஞ்சலை' என்று முழுதாகத் தெரிந்தது. வெயிலில் மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயிண்ட் மட்டும் புதுச் சிவப்பாகவே இருந்திருக்கிறது. நான் எடுத்த 'லை'யும் அங்கே இருந்தது. இத்தனை நாளும் அதை எண்ணெய் ஈரம் என்று நினைத்திருந்தேன். அஞ்சலை அதைத் துணியால் இன்னொரு முறை அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். "சரி, நேரமாவுது, கௌம்புங்கண்ணே," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாளா, கோபமா, நிம்மதியா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பெயரை ஒட்டச் சொல்லி அதன்பிறகு நான் கேட்கவில்லை. அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. அவளுடைய அப்பாவின் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போடவில்லை என்பதை அம்மா கவனித்துச் சொன்னாள். கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் வந்த ஐம்பது வயது ஆண்கள் ஒவ்வொருவரையும் நான் உற்றுப் பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சுவரில் பார்த்த பழைய போட்டோவில் இருந்த மாப்பிள்ளைப் பையனுக்கு இப்போது எந்த முகம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தாலி கட்டும்போது அவளுடைய பெரியப்பா ஒருவர்தான் முன்னால் நின்றார்.

அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸை ஒப்படைத்து, வடலூரில் வீடு கட்டி வந்து வருடங்களாகின்றன. எங்கள் வரிசை வீடுகள் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடக்கின்றன. பஜாரில் பெயர் ஸ்டிக்கர் வெட்டித் தந்த கடை இல்லை. வண்டியும் எடைக்குப் போய்விட்டது. அஞ்சலை அக்கா பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்கிறாள், அவள் அப்பாவைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் ஏதோ பேச்சில் அப்பாவிடம் கேட்டேன்: அந்தக் கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்தில் அவ்வளவு நிழல் இருந்தும் வண்டியை ஏன் ரோட்டோரம் வெயிலில் நிறுத்தினீர்கள் என்று.

"ரோட்டுல போறவனுக்குப் பேரு தெரியணுமில்ல," என்றார். பிறகு, "ஒரு ஆளு அதுகிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு பாப்பா. நான் மண்டபத்துலேர்ந்து எறங்கி வர்றதுக்குள்ள பஸ் ஏறிட்டாரு. பஸ்ஸுக்கு நிக்கறவன் அவ்ளோ நெழல விட்டுட்டு வெயில்ல வந்து வண்டிகிட்ட நிக்கமாட்டானே," என்றார்.

அவர் இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அஞ்சலை அக்காவிடம் நான் சொல்லலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.