மாஸ்டர் எழுதிய கொலை

அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. “இன்ஸ்பெக்டர் குனிந்து, ஓடைக்கரையில் கவிழ்ந்து கிடந்த கொழுந்துக் கூடையை நிமிர்த்தினார். அக்காவின் கூடைதான்.” கதைப்படி இறந்துபோன பெண்ணுக்கும் கொழும்பிலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்கும் எந்த உறவும் கிடையாது. கதையாசிரியர் கை தவறி எழுதியிருப்பார் என்று நினைத்து, அதை அப்படியே தட்டச்சு செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஆனால் அடுத்த நோட்டுக் கொப்பியிலும் அந்தச் சொல் வந்தது. அதற்கடுத்த கொப்பியிலும் வந்தது.

அப்போது நான் பதுளை பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய அச்சகத்தில் வேலை செய்தேன். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் என்று கணினியில் தட்டிக்கொண்டிருந்த எனக்கு நாவல் ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் துப்பறியும் நாவல். கொண்டுவந்தவர் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். சனிக்கிழமைகளில் மூன்று மணிநேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து, நான் தட்டிய பக்கங்களை ஒரு மூலையில் உட்கார்ந்து திருத்துவார். கதையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி ஓடையில் மூழ்கடித்துக் கொல்லப்படுகிறாள். கொன்றவன் கங்காணி. அவனுக்கு இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு. அந்தத் தழும்பைப் பற்றி மாஸ்டர் அரைப்பக்கம் எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, ‘அக்கா’ என்ற சொல் வந்த இடங்களை எல்லாம் அவருக்குக் காட்டினேன். பதினொரு இடங்கள். பேனாவை எடுத்து முதல் இடத்தில் வெட்டி “அந்தப் பெண்ணின்” என்று மேலே எழுதினார். இரண்டாவது இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பாமலே சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒருநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன அக்கா, கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு வரவில்லை. ஓடைக்கரையில் அவளுடைய கூடை மட்டும் கிடந்தது. அன்று பாடசாலைக்குப் போகும் வழியில் அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். ஓடையருகே கங்காணி நின்று பேசிக்கொண்டிருக்க, அக்கா அழுதுகொண்டிருந்தாள். பொலிஸ்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்து, அம்மா இல்லாத அந்தத் தொழிலாளர் லயத்து வீட்டில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, “அவ செத்துட்டா. இனிமே அந்தப் பேச்ச எடுக்காத” என்று சொன்னார். மகன் எடுக்கவில்லை. நாற்பது வருடங்கள் மனதில் வைத்திருந்து, கடைசியில் மூன்று கொப்பிகளில் எழுதினார்.

அன்று நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கதையைத் தட்டச்சு செய்தவளுக்கு அதில் ஓர் ஓட்டை தெரிந்திருந்தது.

“சேர், ஒங்க இன்ஸ்பெக்டர் தோட்டத்துல எல்லாரையும் விசாரிக்கிறாரு. கங்காணிகிட்ட மட்டும் ஒரு கேள்விகூட கேக்கலையே” என்றேன்.

மாஸ்டர் கொப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். இரண்டு சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. வந்த வேலையைத் துரத்திவிட்டேன் என்று முதலாளி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மாஸ்டர் கொப்பிகள் இல்லாமல் வந்தார். கங்காணி ஹாலிஎலையில் மகள் வீட்டில் இருக்கிறாராம், தொண்ணூறு வயதாகப் போகிறதாம். விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். “எனக்குத் தனியாப் போகப் பயமாயிருக்கு. கெழவன அடிச்சிருவேனோன்னு பயமாயிருக்கு” என்றார். நான் மதியம் லீவு கேட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

வெயிலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த கிழவர், எங்கள் நிழல் விழவும் முகத்தைத் தூக்கினார். நான் தட்டச்சு செய்த அதே தழும்பு, நான் தட்டச்சு செய்த அதே இடத்தில் இருந்தது. அந்தப் புத்தகம் வந்திருந்தால், மடுல்சீமையில் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் இந்தக் கிழவரைத்தான் கொலைகாரன் என்று சொல்லியிருப்பார்கள்.

மாஸ்டர் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு, உட்காராமலே, எழுத்தில் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார். “எங்கக்காவ என்ன செஞ்சீங்க?”

“ரயில் ஏத்திவிட்டேன்” என்றார் கிழவர்.

இரண்டாம் தாரமாக, குடிகாரச் சொந்தக்காரன் ஒருவனுக்கு அவளைக் கொடுக்க அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவள் மனம் பதுளையில் பேக்கரியில் வேலை செய்த நாவலப்பிட்டிப் பையன் ஒருவன்மேல் இருந்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குறுக்குப் பாதையில் ரோட்டுக்குப் போகச் சொன்னது கங்காணிதான். பின்னாலேயே போய், பதுளை ஸ்டேஷனில் இருவரையும் ரயிலேற்றிவிட்டதும் அவர்தான். அப்பா இருக்கும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தார்.

“அக்கா செத்துட்டான்னு அப்பா சொன்னாரே” என்றார் மாஸ்டர். அந்தக் குரல் ஐம்பது வயதுக்காரரின் குரலாக இல்லை.

“அவ போட்ட கடிதாசிய அடுப்புல போட்டுட்டுச் சொன்னது அது. கோவத்துல சொன்னது தம்பி. ஒங்கப்பா எறந்தப்ப ஒன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நீ வாசல்லயே மறிச்சிட்ட. கால ஒடச்சிருவேன்னு சொன்ன. தம்பிக்கு இன்னும் கோவம் ஆறலன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவளும் அதோட இந்தப் பக்கம் வரல.”

மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் துப்பறிந்து எழுதிய மனிதர், அந்த வழக்கில் உண்மை வரும் வாசலில் தானே நின்று மறித்ததை அப்போதுதான் அறிந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் முகத்தைப் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது.

கிழவரின் மகள் உள்ளேயிருந்து போனை எடுத்துவந்தார். அக்காவின் எண் அதில் இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொள்வார்களாம். அந்த எண்ணுக்கு அடித்து, “அக்கா, ஒங்க தம்பி வந்திருக்காரு” என்று சொல்லி மாஸ்டர் கையில் கொடுத்தார். அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

“மழைக்கு ஒனக்கு இன்னும் காது வலிக்குதா?”

“இல்லக்கா” என்றார் மாஸ்டர். “இப்ப வலிக்கிறதில்ல.”

திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில் ஜன்னலோரமாகத் தூங்கிப்போனார். வாய் சற்றுத் திறந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தலை கண்ணாடியில் முட்டியும் விழிக்கவில்லை. நாற்பது வருடத் தூக்கத்தைக் கடன் வைத்திருந்தவர்போல் இருந்தார்.

அந்த நாவல் அச்சாகவில்லை. கணினியில் இருந்ததை அவர் சொல்லி நானே அழித்தேன். இத்தனை வருடங்களில் எத்தனையோ புத்தகங்களுக்குப் பக்கம் கட்டிவிட்டேன். வெளிவராமல் போனதில் நான் மகிழ்ந்தது அந்த ஒன்றுக்காகத்தான். இன்றும் பஸ் ஹாலிஎலையைத் தாண்டும்போது மனது ஒருமுறை ஆறுதலாக மூச்சு விடுகிறது.

அக்கா அடுத்த மாதமே வந்தார். ஸ்டேஷனிலிருந்து நேராக அச்சகத்துக்கு மாஸ்டர் அழைத்து வந்தார். பருத்த உடம்பு, நரைத்த தலை, கண்ணாடி. தன்னைக் கொன்ற கொப்பியைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டாராம்; மாஸ்டர் அதைப் பையில் கொண்டுவந்திருந்தார். கடதாசிக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து, விரலை வரிகளில் ஓட்டி, அந்த அத்தியாயத்தை மெதுவாக முழுக்க வாசித்தார். மாஸ்டர் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் மாணவனைப்போல் நின்றார்.

“இந்தப் பொண்ணு ரொம்ப நல்லவளா இருக்கா. நான் இவ்வளவு நல்லவ இல்ல” என்றார் அக்கா. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். “ஏன்டா, அந்த ஓடையில தண்ணி முழங்காலுக்குத்தானே வரும். அதுல எப்பிடிடா நான் முங்கிச் செத்தேன்?”

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நின்றபோது முகம் நனைந்திருந்தது.

“எனக்கு அப்ப ஒம்பது வயசுக்கா” என்றார். “எனக்கு அது கழுத்தளவு.”