கமலாவின் தேர்வும் என் பத்து விரல்களும்

மாரியம்மனை நம்பி வாழும் எல்லோருக்கும் மூர்த்தியின் கும்பிடு. மன்னார்குடி சாலையில் இருக்கும் எங்கள் அம்மன் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். பொங்கல் வரிசையில் முன்னால் நிற்பவரைக் கேலி செய்து, பின்னால் நிற்பவரிடம் திட்டு வாங்குகிற ஆள் நான்தான். இந்த ஒரு தடவை கேலி இல்லாமல் எழுதப் பார்க்கிறேன். முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் மனைவி கமலாவுக்குப் பார்வை போனது. சர்க்கரை வியாதி. முதலில் இடது கண். ஆறே மாதத்தில் வலது கண்ணும். போகாத ஆஸ்பத்திரி இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் கோயில் வாசலில் தகட்டில் செய்த கண்மலர் வாங்கி அம்மனுக்குச் செலுத்தினேன். நான் செலுத்திய கண்களையெல்லாம் சேர்த்தால் ஒரு தெருவுக்கே பார்வை வந்திருக்கும். கமலாவுக்கு மட்டும் வரவில்லை. எனக்கு அம்மன்மேல் கோபம். வெளியே சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஆனால் கும்பிடும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வேன்.

கமலா என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு வருடம் அழுதாள். பிறகு தஞ்சாவூரில் ஒரு வகுப்புக்குப் போய், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளைப் பழகினாள். மடிக்கணினியில் செய்தி கேட்டாள், புத்தகம் கேட்டாள். நாற்பத்தைந்து வயதில் எம்.ஏ. வரலாறு அஞ்சல்வழியில் சேர்ந்தாள். அதுவும் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலேயே. நான் அங்கே தேர்வுப் பிரிவில் தட்டச்சர். இருபது வருடமாகக் கேள்வித்தாள் அடிப்பதுதான் என் வேலை. என் வேகத்தைப் பற்றி நானே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், வேறு யாரும் சொல்லாததால்.

முதல் பருவத் தேர்வில் கமலா சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வந்தார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இவ்ளோ போதும்க்கா" என்று பாதிப் பதிலில் நிறுத்திவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கமலா சொன்னாள்: "அடுத்த பரீட்சை கம்ப்யூட்டர்லயாம். இனிமே என் பதில நானே எழுதுறேன். அது முடியலன்னா படிப்பே வேணாங்க. விட்டுடுறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

போன கார்த்திகையில் தேர்வு. அதற்கு ஒரு வாரம் முன்னால் பழகிப் பார்க்க மாதிரித் தேர்வைத் திறந்துவிட்டார்கள். கமலா உட்கார்ந்தாள். மடிக்கணினி பேச ஆரம்பித்தது. பேச்சா அது? வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பேசுவதுபோல் ஏதோ சத்தம். தமிழ் ஒரு சொல்கூட இல்லை. அடுத்த கேள்விக்குப் போகும் பொத்தானும் வெறும் படம். "பட்டன், பட்டன்" என்றது. எந்தப் பட்டன் என்று சொல்லவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். அழகான தமிழ். முத்து முத்தாகக் கேள்விகள்.

"இங்க நல்லாத்தானே இருக்கு கமலா!"

"உங்களுக்கு இருக்கு. எனக்கு எங்க இருக்கு?"

குற்றம் மடிக்கணினியில்தான் என்று நான் தீர்ப்பு எழுதினேன். மன்னார்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு செய்தியைத் திறந்து படிக்கவிட்டார். கணீரென்று தமிழில் படித்தது. "மிஷின்ல ஒண்ணும் இல்ல சார்" என்று கையில் கொடுத்துவிட்டார். பல்கலைக்கழக உதவி மையத்துக்கு போன் செய்தேன். எழுத ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கமலா புத்தகங்களை வரிசையாக அடுக்கி அலமாரியில் வைத்து மூடினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலில் தகடு விற்கும் அம்மாவிடம் கண்மலர் கேட்டேன்.

"கண்ணு தீந்துடுச்சு தம்பி. கை இருக்கு, காலு இருக்கு. கை தரவா?"

"கை எதுக்கும்மா? கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

கமலா என் சட்டையை இழுத்தாள். "வாங்கிக்குங்க. கண்ணு கேட்டது போதும். எனக்கு இப்ப கண்ணு வேணாம், அந்தப் பரீட்ச புரிஞ்சாப் போதும்."

ஒரு ஜோடிக் கையை வாங்கினேன். சன்னதியில் நின்று ஐந்து வருடத்தில் முதல்முறையாக முகத்தைத் திருப்பாமல் கும்பிட்டேன். "தாயே, கண் கேட்கவில்லை. அவள் அந்தத் தேர்வை அவளாக எழுதட்டும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ காட்டு." அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. கற்பூரப் புகை என்று கமலாவிடம் சொன்னேன். அன்றைக்குக் கற்பூரம் ஏற்றவே இல்லை.

அன்று சாயங்காலம், கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று கமலா மாதிரித் தேர்வைத் திறந்தாள். இந்தத் தடவை சொல்லாகப் படிக்கவிடாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவைத்தாள். அது சொன்னது: என், ஆர், எச், ஓ, யூ, செமிகோலன்.

நான் பக்கத்தில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். காதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என் விரல்கள் மேசைமேல் தானாக அசைந்தன. நான் அசைக்கவில்லை, சத்தியமாக. என், ஆர், எச், ஓ, யூ, செமிகோலன். விரல் போன போக்கை நான் பார்த்தேன். அந்த ஆறு தட்டலும் என்ன என்று எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

"சோழர்" என்றேன்.

"என்னது?"

"அது 'சோழர்'னு சொல்லுது கமலா. இன்னும் ஓட்டு."

ஓட்டினாள். என் விரல்கள் தட்டிக்கொண்டே போயின. சோழர் காலப் பாசன முறை பற்றிய கேள்வி முழுதாக என் வாயில் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காப்பி மடியில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் கேள்வித்தாள் அடித்தது பழைய தமிழ் எழுத்துருவில். அச்சுக்கு அது போதும். அதில் அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினிக்கு உள்ளே அது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குவியல். படித்துச் சொல்லும் மென்பொருளுக்குக் கண் கிடையாது. உள்ளே இருப்பதைத்தான் அது படிக்கும். அந்த மாதிரித் தேர்வை அடித்தது யார்? ஊர் முழுக்க வேகத்தைப் பற்றிப் பெருமை பேசிய இதே மூர்த்தி. என் மனைவி படிக்க முடியாமல் கதவை அடைத்தவை என் பத்து விரல்கள். கண்ணைக் கொடு என்று அம்மனைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். அவள் என் கையைக் காட்டினாள்.

திங்கட்கிழமை காலை தேர்வுப் பிரிவு அதிகாரி மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், ஒரு தப்பு நடந்துடுச்சு. நான்தான் பண்ணேன். இருபது வருஷமா பண்ணிட்டிருக்கேன்."

முழுவதும் கேட்டார். "இத்தன வருஷத்துல ஒரு புகார்கூட வரலையே சார்?"

"புகார் சொல்ல வேண்டியவங்க எழுத ஆள் வச்சுக்கிட்டாங்க மேடம். இல்லன்னா படிப்ப விட்டுட்டாங்க."

அவர் முன்னால் இருந்த கோப்பை மூடினார். பிறகு போனை எடுத்தார். மாதிரித் தாள் வேறு, மனைவி எழுதப்போகும் உண்மையான தாளை நான் தொடக்கூடாது, அது விதி. அதனால் வரலாற்றுத் தாள் ரஹ்மத் பாயிடம் போனது. அவரும் தட்டச்சர்தான். பழைய எழுத்துருவை அவருக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவானும் நான்தான். மற்ற தாள்கள் எனக்கு. எல்லாவற்றையும் கணினிக்கும் புரிகிற யுனிகோடில் புதிதாக அடிக்க வேண்டும். மூன்று நாள். பழகிய விரல்கள் புது விசைப்பலகையில் தடுமாறின. பள்ளிக்கூடப் பையன்போல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன்.

"என்னண்ணே, எக்ஸ்பிரஸ் பேசஞ்சர் ஆயிடுச்சா?" என்று ரஹ்மத் பாய் சிரித்தார். பிறகு, "கவலப்படாதீங்க. அண்ணிக்காக தொழுகையில துஆ கேட்டிருக்கேன்" என்றார். கணினிப் பிரிவில் இருந்த பெண் பொத்தான்களுக்குப் பெயர் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பத்து நிமிடம்தான் ஆனது. பத்து நிமிடம்!

வியாழக்கிழமை தேர்வு. கமலாவைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இன்னொருவரும் இருந்தார். வேதாரண்யத்துக்காரர், பார்வையில்லாதவர், இரண்டு தடவை பாதியில் விட்டுப் போனவராம். மேடம் பழைய பட்டியலைத் தேடி, அவரே போன் செய்து வரவழைத்திருக்கிறார். நான் கமலாவுக்காக மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். வேதாரண்யத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கமலா ஹெட்போனைச் செருகுவதற்குள் கணினி பேசிவிட்டது. சத்தமாக, தெளிவாக: "கேள்வி ஒன்று." அவ்வளவுதான் கேட்டது. பிறகு அமைதி. அப்புறம் விசைகள் தட்டும் சத்தம். நிதானமாக, நிற்காமல், இரண்டு பேர் தட்டும் சத்தம். சன்னதியில் நிற்பதுபோல் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

கமலா வெளியே வந்து, "டைம் பத்தலங்க" என்றாள். ஐந்து வருடத்தில் அவ்வளவு சந்தோஷமான குரலை நான் கேட்டதில்லை. தேறிவிட்டாள். இப்போது இரண்டாம் வருடம்.

அவள் பார்வை திரும்பவில்லை. அதைக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன், கோபத்தால் அல்ல. இப்போது நான் அடிக்கும் ஒவ்வொரு தாளையும் அனுப்புமுன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை முழுதாகக் கேட்கிறேன். எனக்கு அதுதான் இப்போது பூஜை.

கேட்டது கிடைக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இன்னும் ஒருமுறை நேராக நின்று கேளுங்கள். எது வேண்டும் என்று கேட்காமல், என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். பதில் நமக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வாருங்கள். எங்களைக் கண்டால் கையசைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கமலாவுக்குத் தெரியாது, நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பேன். பக்கத்தில் வந்து பேசுங்கள்.