முகூர்த்தத்தன்று முழுகிய ஜமீன் பாலம்

என் கல்யாணத்தன்று காலை நடந்த கூத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம், எங்கள் ஊரை ஒட்டிய பழைய ஜமீன் தோட்டத்துப் பங்களாவை மண்டபமாகப் பிடித்திருந்தோம். ஊருக்கும் பங்களாவுக்கும் வர ஒரே வழி, ஓடையின் மேல் ஜமீன்தாரின் குதிரை வண்டிக்காகக் கட்டிய கல்பாலம். ஐப்பசி மழையில் அது முழுகிவிட்டது! தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலேதான். ஆனால் கைப்பிடிச் சுவர் எப்போதோ இடிந்துபோனதால் பாலத்தின் ஓரம் எதுவென்றே தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வேன் அக்கரையில் நின்றது. ஒன்பது மணியோடு முகூர்த்தம் முடிகிறது.

"சகுனமே சரியில்ல. தை மாசம் பாத்துக்கலாம், வண்டியத் திருப்பு!" என்று மாமியார் கத்தியது இக்கரைக்கே கேட்டது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண் வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே முறுக்கிக்கொண்டிருந்தவர். வேன் திரும்பினால் சம்பந்தம் அவ்வளவுதான். அவருடைய மகனோ "அம்மா... அம்மா..." என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு வந்ததே கோபம்!

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினேன்.

"மணப்பொண்ணு எங்கம்மா போற?" என்று அப்பா பதறினார்.

"போய் இட்டுக்கினு வரேன், நைனா."

இரண்டு வருஷமாகக் கம்பெனி பஸ் பிடிக்கக் கருக்கலில் அந்தப் பாலத்தைத்தான் தாண்டுவேன். வண்டிச் சக்கரம் ஓடி ஓடிக் கல்லில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அதில் காலை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டே நடக்கலாம். நடந்தேன். தண்ணீர் இழுத்தது, ஆனாலும் கால் கல்லை விடவில்லை. அக்கரையில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"பள்ளத்துல கால வெச்சிக்கினே என் பின்னாடி வாங்க," என்று சொல்லி மாமியாரின் கையைப் பிடித்தேன். முதலில் உதறினார். நடுப்பாலத்துக்கு வந்ததும் என் வளையல் நொறுங்கும்படி இறுக்கிக்கொண்டார்.

"விட்டுடாதம்மா!"

"வுடமாட்டேன் அத்த."

அவர் பின்னால் ஒவ்வொருவராக, தாம்பூலத் தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஒரே சிரிப்பு, ஒரே கூச்சல்! ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மணையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை சாவகாசமாக வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா பிழிஞ்சிக்கினு கீற? நேரம் போச்சுன்னா இப்படி ஒரு பொண்ணு கெடைக்குமாடா உனக்கு? கட்டுடா!"

ஈரக் கையோடேயே கட்டினார்.