அப்பாவுக்கு ஆவிக்குளியல் இல்லை

அம்மா வேலை பார்த்தது ஆஸ்பத்திரியிலா இல்லையா என்பது பத்து வயதுவரை எனக்கு விளங்கவில்லை. பழவேற்காடு போகும் சாலையில் ஒரு விடுதி, அதற்குள் ஸ்பா. வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அம்மாவின் வேலை. வெள்ளைக் கோட்டுப் போட்ட சித்தா டாக்டரம்மாவும் அங்கே உண்டு. ஆனால் படுத்திருந்தவர்கள் யாருக்கும் நோயில்லை. நோய் வராமலிருக்க வருகிறார்களாம். வராத நோய்க்கு டாக்டர் எதற்கு என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. சில மாதங்களாகத் தலைவலி. துண்டை இறுகக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை.

"இன்னிக்கு ஸ்பால ஆளே இல்ல. ஸ்டாஃப் ஊட்டுக்காரங்களுக்கு ஓசில எண்ணெ தேச்சி ஆவிக்குளியல் தராங்க. நீயும் வாய்யா" என்றாள் அம்மா.

"நாள் பூரா கம்பெனில ஒலை கிட்ட வேகறேன். அங்க வந்து வேற வேகணுமா?" என்ற அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஆவி அறையின் கண்ணாடிக் கதவு முன்னால் அப்பா துண்டோடு தயாராக நின்றார். உள்ளே விடுமுன் எல்லோருக்கும் பார்ப்பதுபோல் டாக்டரம்மா நாடி பிடித்தார். பிரஷர் பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார்.

"உங்களுக்கு ஆவியும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதினார்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "இதெல்லாம் பணக்காரனுக்குத்தான். நமக்கு இன்னா மரியாத?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவருடைய கறுத்த கால் நகங்களைப் பார்த்துவிட்டுத்தான் விரட்டுகிறார்கள் என்று டாக்டரம்மாவை முறைத்தேன். அம்மா ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை இரண்டு நாள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கை கால் விழுந்திருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை போட்டு அப்பா தூங்கிய பிறகு, அம்மா சுவரில் சாய்ந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்து, "உடாத எடத்துக்கு ஏம்மா அப்பாவ கூட்டினு போன?" என்றேன்.

"உடமாட்டாங்கன்னுதான்டி இட்டுக்கினு போனேன்" என்றாள்.

'வேண்டாம்' என்று சொல்லவைப்பதற்கென்றே ஒருவரை அவ்வளவு தூரம் அழைத்துப்போவார்களா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.